நீ மாவு என்று சொன்ன மருந்து

நேற்று பாறசாலைச் சந்திப்பில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் பெரிய உருளியை அடுப்பில் ஏற்றி சக்கை வற்றல் பொரித்துக்கொண்டிருந்தார்கள். பலாச்சுளைக் கீற்றுகள் தேங்காய் எண்ணெயில் விழுந்து பொங்கிய மணம் சாலையைத் தாண்டி வந்தது. அந்த மணத்தில் என் பஸ்ஸைத் தவறவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "அம்மைக்கு எத்தனை வேணும்?" என்று கேட்டபோதுதான் கடைமுன் போய் நின்றிருப்பதை உணர்ந்தேன். ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அது இப்போது மேசைமேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. எண்ணெய்ப் பண்டம் எனக்கு ஆகாது என்று நினைவூட்டிவிட்டு, முதல் பிடியை நீயே எடுத்து, மீதி டப்பாவை என் மடியில் வைப்பாய். அப்படி வைக்க இனி ஆளில்லை.

நீ போனபிறகு உன்னோடு பேச வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. சிலவற்றை உன்னிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தேன். சிலவற்றை நீ என்னிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருக்கிறாய். அதைத் தெரிந்துகொண்டபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில். நம் இருவருக்கும் ஒரே தீனம். நுரையீரலில் காரணம் தெரியாமல் தழும்பு விழுந்து பரவுகிற நோய். ஈரப்பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது காய்ந்த பீர்க்கங்கூடு மாதிரி ஆகிறது என்று டாக்டர் என்னிடம் விளக்கியிருந்தார். விழுந்த தழும்பை அழிக்க மருந்து கிடையாது, பரவுவதைத் தாமதப்படுத்தத்தான் முடியும் என்றும் சொல்லியிருந்தார். அன்றைக்கு நடைப் பரிசோதனை. விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, ஆறு நிமிடத்தில் வராந்தாவில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு முன்னால் உன் முறை. தப்பிப் போகிற ஆளைப் பிடிக்கப் போகிறவள் போல நீ நடந்தாய். கூடவே பேசவும் செய்தாய். "சேச்சி, பேசாண்டாம், பதுக்கே நடந்தா மதி" என்று டெக்னீஷியன் பெண் மெதுவாக நடக்கச் சொல்லச் சொல்ல, அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தாய்.

நடந்து முடித்து என் பக்கத்தில் வந்து விழுந்தாய். மூச்சு திரும்பியதும் என் கையிலிருந்த தமிழ் வார இதழைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க தமிழாக்கும், இல்லியா? கையில இருக்க வாரிகையைக் கண்டதுமே மனசிலாச்சு." இரண்டாவது, "எவ்வளவு தூரம் நடந்தேன்னு அவ பறைய மாட்டேங்குதா. நீங்க நடந்துட்டு வந்து சொல்லணும். யாரு ஜெயிச்சான்னு பாப்போம்."

நான் வாழ்நாள் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு ஊரை இன்னொரு ஊரோடு இணைத்துவிட்டவள். எனக்கென்று யாரையும் கூப்பிட்டுப் பேசிப் பழக்கமில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபிறகு இஞ்சிவிளை வீட்டில் நான் ஒருத்திதான். நீயோ காஞ்சிரங்குளம் முழுக்க நடந்து இன்ஷூரன்ஸ் எடுக்கவைத்தவள். எதிரே இருப்பவர் வேண்டாம் என்று சொல்லும்போதே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறவள். அன்று ரயிலில் நீ நெய்யாற்றின்கரையில் இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தாய். நான் பாறசாலையில் இறங்கும்போது என் கைப்பேசியில் உன் எண் இருந்தது. நீயே எடுத்துப் பதிந்திருந்தாய்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் நம் இருவரையும் தனித்தனியே அழைத்துப் புதிய மாத்திரை ஒன்றைப் பற்றிப் பேசினார். ஆய்வில் சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை கிடைக்கும். மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில், மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். முடிவு வரும்வரை நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் எல்லோருக்கும் தொடரும், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. மறுவாரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் உன்னைக் கொண்டுவிட்டவர், ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்று என்னிடம் முறையிட்டார். "அக்கா, நீங்களாவது பறயணும். மனுசன்மாருக்கிட்ட மருந்து பரீட்சிச்சுப் பாக்கவா? இவ என்ன எலியா?"

நீ உள்ளேயிருந்து பதில் சொன்னாய். "எலிக்கிட்ட எல்லாம் பாத்து முடிச்சாச்சாக்கும். இனி நம்ம முறை. நீங்க வண்டியை எடுங்க, அங்க போலீஸ்காரன் வாறான்."

நான் சேர்வதாக இல்லை. உன்னிடம் அதை எப்படிச் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. பிழைத்துக் கிடந்து நான் என்ன செய்யப் போகிறேன், யாருக்கு வேண்டி என்றேன். சோகமாகச் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று சொல்வதைப் போலத்தான் சொன்னேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பாலராமபுரம் தாண்டியபிறகு, "எக்கா, நான் ஒத்தைக்கு இந்த ரயில்ல போவேனா?" என்றாய். "தீனம் மாறுதோ இல்லியோ, எனக்குப் போகும்போதும் வரும்போதும் பேச ஆளு வேணும். நீங்க சேரல்லேன்னா நானும் இல்ல." அது பொய் என்று தெரியும். நான் இல்லாவிட்டாலும் எதிர்சீட்டில் இருப்பவரோடு நீ பேசியிருப்பாய். ஆனாலும் என்னைத் துணைக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டது விஞ்ஞானத்துக்காக அல்ல. உன்னோடு ரயிலில் போவதற்காக.

மாத்திரை தொடங்கிய முதல் மாதத்தில் ஒரு காலையில் எனக்கு வயிறு கலங்கியது. புதிய மருந்து சிலருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பயந்துபோய் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், பிறகு உன்னை. சொன்னதும் நீ சிரித்தாய்.

"எக்கா, உங்களுக்கு லாட்டரி அடிச்சாச்சு. அது அசலாக்கும்."

"உனக்கு?"

நீ கொஞ்சம் நிறுத்தினாய். "எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லைத் தின்னாலும் செமிக்குது. எனக்குக் கிட்டினது மாவு."

ஒரு குரல் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டுக் கேட்டே வேலை பார்த்தவள் நான். அன்று நீ நிறுத்திய இடம் எனக்குக் கேட்கவில்லை. லாட்டரி என்ற வார்த்தைதான் கேட்டது.

அதன்பிறகு என் நாட்கள் மாறிவிட்டன. அசல் மருந்து கிடைத்தவள் என்ற எண்ணம் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. கிடைக்காத ஒருத்தி காஞ்சிரங்குளத்தில் இருக்கும்போது, கிடைத்த நான் அதை வீணாக்கக் கூடாது என்று தோன்றியது. மூச்சுப் பயிற்சியைத் தவறாமல் செய்தேன். வெயில் ஏறும் முன் வீட்டுக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டத்து வழியாகக் கால்வாய்வரை நடந்தேன். திரும்பி வரும்போது சரியாக நீ கூப்பிடுவாய். "நடந்தீங்களா? கள்ளம் பறயாண்டாம், கிதைப்பு கேக்கணும் எனக்கு" என்பாய். என் மூச்சிரைப்பைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் மற்ற பேச்சைத் தொடங்குவாய்.

நீ உன் மாத்திரையை மாவு என்றே சொல்லிவந்தாய். பரிசோதனைக்குப் போகிற நாட்களில், "மாவு திங்குறவ வந்திருக்கேன்" என்று டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்வாய். அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவாள். ரயிலில் வற்றல் டப்பாவைத் திறந்து, "உங்களுக்கு ஆகாது, ஆனாலும் தின்னுங்க, அசலு எல்லாத்தையும் பாத்துக்கிடும்" என்பாய். நேமம் வருவதற்கு முன்னால் ஒருமுறை எழுந்து, "முகம் கழுவிட்டு வாறேன்" என்று போவாய்.

அந்த வருடத்தின் பாதியில் உன் நடை குறையத் தொடங்கியது. முதலில் வராந்தாவின் கடைசித் திருப்பத்தை விட்டாய். பிறகு நடுவில் போட்டிருந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தாய். பிறகு இரண்டு தரம். என் தூரம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் நீ என் தூரத்தைக் கேட்பாய், நான் குறைத்துச் சொல்வேன், நீ டெக்னீஷியனிடம் போய்ச் சரியானதைக் கேட்டுவந்து, "பாத்தீங்களா, அசலு" என்று என் முதுகில் தட்டுவாய். ரயில் ஓடும்போது உன் மூச்சின் ஓசை தெரியாது. ஸ்டேஷனில் நிற்கும்போதுதான் கேட்கும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனும் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் நீ ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது நான் டாக்டரின் அறைக்குள் போனேன். என் மாத்திரைப் பெட்டியை உனக்குக் கொடுத்து, உன் பெட்டியை எனக்குத் தரக் கூடாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும் செய்ய முடியாது" என்றார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் விசாரிக்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அதை உன்னிடம் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். பிறகு உனக்குக் கோபம் வந்தது. "உங்ககிட்ட யாரு கேட்டா? மரியாதைக்கு உங்க மாத்திரையை நீங்க முழுங்குங்க. இனி இந்தப் பேச்சு பேசினா நான் அடுத்த பெட்டியில ஏறிக்கிடுவேன்." சொல்லிவிட்டு என் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய். ரயில் வரும்வரை விடவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது நீ வெளியே வருவதை நிறுத்தினாய். காஞ்சிரங்குளத்து வீட்டில் உன் கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. நான் பஸ் மாறி வருவேன். கரண்டு போகும்போதெல்லாம் உன் வீட்டுக்காரர் ஓடிவந்து சிலிண்டருக்குக் குழாயை மாற்றுவார். மாற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "மாவைக் குடுத்து ஏமாத்திட்டானுவ" என்று முணுமுணுப்பார். நீ கையை ஆட்டி அவரை அடக்குவாய். எனக்குத் தலை தாழ்ந்துபோகும். அசல் மருந்தைத் தின்றுவிட்டு, நல்ல மூச்சோடு, அந்தக் கட்டிலருகில் உட்கார்ந்திருப்பவள் நானல்லவா.

கடைசியாக நான் வந்த மதியம் உனக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் மூச்சு வேண்டியிருந்தது. "எக்கா... நீங்க கெடந்து பிழைக்கணும்... ஒரெண்ணமாவது ஜெயிச்சாத்தான்... இவனுவ நாளைக்கு எல்லாருக்கும் குடுப்பானுவ." பிறகு சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாய். உன் வீட்டுக்காரர் எனக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். நான் தின்று முடிக்கும்வரை நீ பார்த்துக்கொண்டே கிடந்தாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று மழை விடவில்லை. சர்ச் கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் நிறைய. நீ பாலிசி எடுக்கவைத்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். நான் பின்னால் குடையோடு நின்றேன். பக்கத்தில் நின்ற பெண் மெதுவாக, "நீங்க அவங்களுக்க யாரு?" என்று கேட்டாள். சொந்தமில்லை, அயல்வாசியில்லை, ஒரே சபையும் இல்லை. "ரயில்ல கூட வாறவ" என்றேன். அவள் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப்பின் பரிசோதனைகளுக்கு நான் தனியாகப் போய்வந்தேன். நெய்யாற்றின்கரையில் ரயில் நிற்கும்போது பையை எடுத்து மடியில் வைத்து இடம் விடுவேன். யாராவது வந்து உட்காருவார்கள். காலையில் தோட்டத்து வழியாக நடந்து திரும்பும்போது கைப்பேசி அடிக்காது. வீட்டில் என் மூச்சிரைப்பைக் கேட்க யாருமில்லாமல் நான் மட்டும் நின்று, அடங்கும்வரை காத்திருந்து, காப்பி போடுவேன்.

ஆய்வு முடிந்து முடிவும் வெளிவந்தது. மருந்து வேலை செய்கிறது என்றார்கள். நோயை மாற்றுவதில்லை, தழும்பு பரவுவதை மெதுவாக்குகிறது. பத்திரிகையில்கூட ஒரு ஓரத்தில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வைக் கவனித்துக்கொள்ளும் பெண் கூப்பிட்டாள். யாருக்கு எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது என்பதை இனிச் சொல்லலாம், விருப்பமிருந்தால் நேரில் வரலாம் என்றாள். அன்று மாலையே உன் வீட்டுக்காரரும் கூப்பிட்டார். "அக்கா, என்னையும் விளிச்சாங்க. அவளுக்க காரியம் பறயணுமாம். ஒத்தைக்குப் போக மனசு வரல்ல."

நெய்யாற்றின்கரையில் அவர் ஏறினார். வெள்ளைச் சட்டை, நன்றாகத் தேய்த்தது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் எதிரே உட்கார்ந்தார். நீ மாவு தின்று போனவள், நான் மருந்து தின்று இருப்பவள் என்ற கணக்கு திருவனந்தபுரம் வரும்வரை எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அறையில் டாக்டரும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். முதலில் எனக்குச் சொன்னார்கள். எனக்குக் கொடுக்கப்பட்டது வெற்று மாத்திரை. மலையாளத்தில் சொன்னதால் தவறாக விளங்கிக்கொண்டேனோ என்று மறுபடி கேட்டேன். இல்லை, வெற்று மாத்திரைதான். பிறகு அவள் உன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். சேச்சிக்குக் கிடைத்தது புதிய மருந்து என்றாள்.

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்போ அவளுக்குக் கிட்டினது அசலா?"

"ஆமாம்."

"கிட்டியும் போயிட்டாளே" என்றார்.

டாக்டர்தான் பேசினார். உனக்கு நோய் வேகமாகப் பரவும் வகை என்றார். எனக்கு மெதுவாக நகரும் வகை, மருந்தில்லாமலும் சிலருக்கு அப்படி இருப்பதுண்டு. மருந்து இல்லாதிருந்தால் நீ இன்னும் முன்பே போயிருப்பாயா என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். "ஒரு ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் மருந்தின் பலன் தெரியும். அந்த நிறையப் பேரில் அவங்களும் உண்டு" என்றார். அசல் என்று நம்பியதால்தான் நான் நன்றாக இருந்தேனா என்று நான் கேட்டேன். நம்பிக்கை தழும்பை மாற்றாது என்று தலையை ஆட்டினார். "ஆனால் தினமும் நடந்தீங்களே. அது வீணாகாது."

நான் கேட்டதும் கேளாததுமாக இருந்தேன். என் மனம் அந்தப் பிளாட்பார பெஞ்சிலேயே நின்றுவிட்டது. உன் பெட்டியை எனக்கும் என் பெட்டியை உனக்கும் மாற்றித் தரச் சொல்லிப் பெருமையாக வந்து சொன்னேனே, அன்று நான் உனக்குத் தருவதாகச் சொன்னது மாவை. உன்னிடமிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னது மருந்தை.

திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்தது. உன் வீட்டுக்காரர் இரண்டு சாயா வாங்கிவந்து ஒன்றை என் கையில் தந்தார். அவர் தன் சாயாவைக் குடிக்கவில்லை.

"அக்கா, ஒரு காரியம் உண்டு. இனி பறயாம இருந்தா எனக்கு உறக்கம் வராது" என்றார். "அவளுக்கு வயிறு போய்க்கிட்டுத்தான் இருந்துது. முதல் மாசமே தொடங்கியாச்சு. உங்களுக்கு வயிறு கலங்கிச்சுன்னு நீங்க விளிச்சீங்கல்லா, அதுக்கு ஒரு வாரம் முன்னமே."

எனக்கு விளங்கவில்லை. "ஆஸ்பத்திரியில சொன்னாளா?"

"அங்க எல்லாத்தையும் பறஞ்சா. ஒண்ணும் மறைக்கல்ல. உங்ககிட்ட மட்டும் பறயப்பிடாதுன்னு எனக்க தலையில கையை வச்சு சத்தியம் வாங்கினா. ரயில்ல வாற நாளு, முந்தின நாளே சாப்பிட மாட்டா. வழியில அவசரப்பட்டா நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பயம்."

"என்னத்துக்கு?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் கேட்டேன். 'எக்காவுக்கு அது அசலுன்னு தோணியாச்சு, இப்பத்தான் எழும்பி நடக்கா, அதைக் கெடுக்காதீங்க'ன்னா. பெறகு அவளுக்குத் தீனம் கூடினப்போ மறுபடியும் கேட்டேன், இனியாவது பறஞ்சா என்னன்னு. 'அசலு கிட்டியும் எனக்குக் கேக்கல்லேன்னு அறிஞ்சா எக்கா மருந்தையே விட்டிடுவா'ன்னா. நான்தான் நம்பல்ல, அக்கா. வயித்துக்கு வேற எதுவோ காரணம், இவளுக்குக் குடுத்தது மாவுதான்னு சண்டை போட்டேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ரயில் வந்தது. நாங்கள் ஏறினோம். இந்த முறை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ முதல் பிடிக்குமேல் வற்றலை எடுத்ததேயில்லை என்பதும், நேமத்துக்கு முன்னால் முகம் கழுவப் போய் எவ்வளவு நேரம் கழித்து வருவாய் என்பதும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வந்து உட்கார்ந்து ஈரமான முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குவாய். உன் தொழிலே ஆட்களை நம்பவைப்பதுதான் என்று நான் எத்தனையோ தடவை உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

இப்போது எனக்கு உண்மையான மருந்தைத் தருகிறார்கள். ஆய்வில் இருந்த எல்லோருக்கும் தருகிறார்கள். இனி ஆய்வில் இல்லாதவர்களுக்கும் கிடைக்கும் என்கிறார்கள். வராந்தாவில் நடக்கக் காத்திருக்கும் புதிய முகங்களைப் பார்க்கும்போது, அவர்களுக்கு நீ யார் என்று தெரியாதே என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கு வழியும் இல்லை. டாக்டர் சொன்ன நிறையப் பேரில் உனக்குப் பெயர் கிடையாது.

மருந்து தொடங்கிய முதல் வாரத்தில் என் வயிறு என்னைப் பாடாய்ப்படுத்தியது. அப்போதுதான் அன்றைக்கு எனக்கு வந்தது வெறும் வற்றல் கோளாறு என்று தெரிந்தது. இது வேறு. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நீ இதோடுதான் நெய்யாற்றின்கரையில் சிரித்துக்கொண்டே ஏறினாய் என்று நினைத்தேன். இதோடுதான் காலையில் கூப்பிட்டு என் மூச்சிரைப்பைக் கேட்டாய். யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். அளவைக் குறைத்து, வயிற்றுக்கும் ஒரு மாத்திரை எழுதினார்கள். "வீட்டில் வேறு யார் உண்டு?" என்று அந்தப் பெண் கேட்டாள். வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். ஒருவரும் இல்லை என்றேன். வழக்கமாகச் சொல்லும் பதில்தான்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஒரு வருடம் முழுக்க நான் உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். நீ அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டாய். உன் கட்டிலருகே நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். அசல் மருந்து கையிலிருந்தும் அது தன்னைக் காக்கவில்லை என்று தெரிந்த பயத்தை நீ தனியாகவே வைத்துக்கொண்டாய். அதில் பாதியை எனக்குத் தந்திருக்கலாம். அதற்கல்லவா துணைக்கு வரச்சொன்னாய். நீ இருந்திருந்தால் ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

காலை நடையை நான் விடவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் அதே ரயிலில்தான் போகிறேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் உன்னோடு சண்டையைத் தொடங்குவேன். என்னை ஏன் ஏமாற்றினாய் என்பேன். எனக்குத் தெரிந்திருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன் என்பேன். என் பக்கத்து நியாயங்களையெல்லாம் வரிசையாகச் சொல்வேன். குறுக்கே பேசாமல் நீ கேட்டுக்கொண்டிருப்பாய். உயிரோடிருந்தபோது நீ அப்படிக் கேட்டதில்லை. பாலராமபுரம் தாண்டும்போது என் வார்த்தைகள் தீர்ந்துவிடும். அப்போது நீ ஒன்றே ஒன்று சொல்வாய்.

"எக்கா, நீங்க இருக்கீங்கல்லா."